மீண்டும் அதே இடத்துக்கு

(சென்னையில் ஒளிப்பட ஆர்வலர்களின் ஆண்டிறுதிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டிசம்பர் பிறந்துவிட்டால் நம்மைப் போன்றவர்களின் பேச்சு மூன்று விஷயங்களைச் சுற்றியே நடக்கும். அடுத்த ஆண்டு எந்த லென்ஸ் வாங்கலாம், லடாக் போகலாமா வாரணாசி போகலாமா, எத்தனை போட்டிகளுக்குப் படம் அனுப்பலாம். மூன்றும் ஆசைப்படத் தக்கவைதான். ஆனால் இவற்றைப் படைப்பு இலக்கு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. பணம் சேர்ந்தால் லென்ஸ் வந்துவிடும். விடுமுறை கிடைத்தால் லடாக் போய்விடலாம். போட்டியின் முடிவு நடுவர் கையில் இருக்கிறது. படம் எடுக்கிற நாம் நம் கண்ணாலும் பொறுமையாலும் செய்து முடிக்க வேண்டிய வேலை என்று அடுத்த ஆண்டுக்கு ஒன்றை வைத்துக்கொண்டால், அது என்னவாக இருக்கலாம்? எனக்கென்று நான் வகுத்திருப்பதை உங்கள் முன் வைக்கிறேன். உங்களில் சிலரையாவது இதற்கு இழுத்துவிட வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

நமக்கு வாழ்க்கைத் தொழில் வேறு. வங்கியிலோ பள்ளியிலோ பட்டறையிலோ வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்குகிறவர்கள் நாம். இதை ஒரு குறையாக நினைத்து, தொழில்முறைக் கலைஞர்களைப் பார்த்து ஏங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் படம் எடுப்பவர் முகூர்த்தம் முடிந்ததும் அடுத்த மண்டபத்துக்கு ஓட வேண்டும். பத்திரிகைப் படக்காரருக்குப் பக்கம் முடிக்கும் நேரம் தலைக்கு மேல் நிற்கும். நமக்குக் கெடு வைக்க ஆளில்லை. ஒரே இடத்துக்கு ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் போகும் சுதந்திரம் நமக்கு மட்டும்தான் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தை நாம் பயன்படுத்துவதே இல்லை. ஓர் இடத்துக்கு ஒரு முறை போய், ஒரு நல்ல படம் கிடைத்ததும், "அந்த இடம் முடிந்தது" என்று அடுத்த ஊரைத் தேடுகிறோம். அடுத்த ஆண்டு நான் புது இடம் எதுவும் தேடப் போவதில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பத் திரும்பப் போகப் போகிறேன்.

உடனே, "காசிமேடா? எல்லோரும் எடுத்துத் தள்ளிய இடமாயிற்றே" என்று கேட்பீர்கள். எல்லோரும் எடுத்த காசிமேடு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைக் காசிமேடு மட்டுமே. சூரியன் எழும்போது படகின் கருநிழல், கூடை சுமக்கும் பெண்கள், ஏலம் கூவும் வாய், பனிக்கட்டி மேல் வஞ்சிரம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு வெளியே அந்தத் துறைமுகத்துக்கு ஓர் ஆண்டே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடை அது. 2017க்கு முன் 45 நாளாக இருந்தது. அந்த நாட்களில் காசிமேட்டில் என்ன நடக்கிறது என்று காட்டும் படங்கள் நம்மில் எத்தனை பேரிடம் இருக்கின்றன? படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவார்கள். இன்ஜினைப் பிரித்துப் போட்டு மாட்டுவார்கள். பெயரெழுதும் பெயின்டர் படகின் முகப்பில் மாதா படத்தையோ முருகன் வேலையோ புதுப்பிப்பார். வலைக்காரர்கள் நிழல் தேடி உட்கார்ந்து நாளெல்லாம் கண்ணி பின்னுவார்கள். வழக்கமாகக் காதைக் கிழிக்கும் இடம் அப்போது வேறு ஊர்போல அடங்கியிருக்கும். ஃபைபர் படகுகள் மட்டும் போய்வரும். பிறகு ஜூன் 14 நள்ளிரவு வரும். டீசல் நிரப்பி, பனிக்கட்டி ஏற்றி, பூஜை போட்டுப் படகுகள் வரிசையாகக் கிளம்பும்.

அதோடு முடியவில்லை. புரட்டாசியில் நகரத்தில் பாதிப் பேர் கவிச்சி தொடமாட்டார்கள். அந்த மாதம் காசிமேட்டுக்குப் போனால் ஏலக் குரலின் சூடே குறைந்திருக்கும். ஐப்பசியில் மழை இறங்கியதும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். எல்லாப் படகுகளும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு துறைமுகத்துக்குள் அடைந்து கிடக்கும். வாடைக்காற்று அடிக்கும் மார்கழியில் கடலின் நிறமே மாறிவிடும். தை பிறந்து கடல் தணிந்ததும் மறுபடியும் நெரிசல். இவ்வளவும் ஒரே இடம். இந்தச் சுழற்சி ஓர் ஆண்டில்தான் முழுமையாகிறது. அதனால்தான் என் இலக்கின் அளவையும் ஓர் ஆண்டாக வைத்திருக்கிறேன்.

ஒரே இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் சலிப்பு வராதா என்று கேட்கிறவர்களுக்கு ஜோசஃப் சுடெக்கின் கதையைச் சொல்ல வேண்டும். செக் நாட்டுக்காரர். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு பெரிய மரக் கேமராவைச் சுமந்து பிராக் நகரத்தைப் படமெடுத்தவர். நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது வெளியே கேமராவோடு அலைவது கடினமாயிற்று. 1940இல் தம் பட்டறையின் ஜன்னலையே எடுக்கத் தொடங்கினார். கண்ணாடியில் படியும் ஆவி, வழியும் மழைத்துளி, உறைபனி, அதற்கு அப்பால் தோட்டத்தில் வளைந்து நின்ற ஒரு மரம், ஜன்னல் விளிம்பில் ஒரு தண்ணீர்க் குவளை. போர் முடிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. 1954 வரை பதினான்கு ஆண்டு அந்த ஜன்னலுக்குத் திரும்பத் திரும்பப் போனார். இருபதாம் நூற்றாண்டு ஒளிப்படக் கலையின் உச்சங்களில் ஒன்றாக அந்த வரிசையை நான் மதிக்கிறேன்.

நம் ஊரிலேயே மா. கிருஷ்ணன் இருந்தார். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன்; இயற்கையியலாளர்; 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். பல இடங்களிலிருந்து கிடைத்த பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கேமராவை அமைத்துக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். காட்டு யானைகளைத் தேடி எத்தனையோ முறை காடேறியவர், ஊரில் இருக்கும்போது காக்கையையும் அணிலையும் அதே அக்கறையோடு கவனித்தார். 'தி ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950இல் தொடங்கிய அவருடைய பத்தி, அவர் இறக்கும்வரை 46 ஆண்டு வந்தது. அவர் கையில் இருந்ததைவிடப் பல மடங்கு திறமையான கருவி இன்று நம் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இருக்கிறது. அவருடைய பொறுமையைத்தான் நாம் இன்னும் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

இனி வெளிச்சம். இதில் எனக்கு ஒரு தீராத ஆதங்கம் உண்டு. நாம் படிக்கும் ஒளிப்படப் புத்தகங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும் 'பொன்வேளை'யில் மட்டும் எடு, நண்பகலில் கேமராவை உறையில் வை என்று அவை சொல்கின்றன. லண்டனில் மார்ச் மாதக் கடைசியில் சூரியன் எழுந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 9 பாகை உயரத்தில்தான் இருக்கும். அதே நாளில் சென்னையில் ஒரு மணி நேரத்தில் 14 பாகையைத் தாண்டிவிடும். நம் சூரியன் செங்குத்தாக ஏறுகிறது. அவர்கள் புத்தகத்தில் நீளும் பொன்வேளை நமக்குக் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. மீதி இருக்கும் பத்து மணி நேரத்தைத்தான் நம் மக்கள் வாழ்கிறார்கள். அந்தப் பத்து மணி நேரத்தைக் கெட்ட வெளிச்சம் என்று ஒதுக்கினால், நம் மண்ணின் பகல் முழுவதையும் படத்திலிருந்து விலக்கிவிடுகிறோம்.

ஆகவே நண்பகல் வெயிலில் எடுக்கக் கற்றுக்கொள்வது என் அடுத்த இலக்கு. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கம்பத்தின் நிழல் கம்பத்தின் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். இந்த இரண்டு நாட்களுக்கு நடுவே உச்சிவேளைச் சூரியன் வடக்கு வானத்தில் இருக்கிறது. அதாவது, ஆண்டின் பிற மாதங்களில் உச்சிவெயிலே காணாத வடக்குப் பார்த்த சுவர்களில் அப்போது வெயில் சரிந்து விழும். கோயில் மதிலிலும் கோபுரத்தின் வடபுறத்திலும் உள்ள சுதைச் சிற்பங்கள் அந்த மாதங்களில் வேறு முகம் காட்டும். ஒரு நாள் சுற்றுலாவில் போகிறவருக்கு இது தெரிய வழியே இல்லை. இங்கேயே குடியிருந்து, ஆண்டு முழுவதும் கவனிக்கிறவருக்குத்தான் இந்த வெளிச்சம் வசப்படும். விடியலிலும் இதே கதைதான். ஜனவரியில் ஆறரை மணியை ஒட்டித் தென்கிழக்கில் எழும் சூரியன், ஜூனில் ஆறு மணிக்கு முன்பே வடகிழக்கில் எழுகிறது. இரண்டு இடங்களுக்கும் நடுவே கிட்டத்தட்ட 48 பாகை. அலைதடுப்புச் சுவரின் மேல் நின்றால், மாதம் தவறாமல் சூரியன் இடம்பெயர்வதை அடிவானத்திலேயே குறித்துக்கொள்ளலாம். என் காசிமேட்டு ஆண்டில் இதையும் வரிசையாக எடுக்கப் போகிறேன்.

உச்சிவெயிலில் எடுப்பது எப்படி என்று இளைய நண்பர்கள் கேட்பார்கள். வெளிச்சம் பட்ட இடத்துக்கு அளவு வைத்து, நிழலைக் கறுப்பாகவே விட்டுவிடுங்கள். நிழல் தாழ்வாரம், தார்ப்பாய்க் கூரை, படகின் அடிவயிறு, இவற்றின் விளிம்பில் நில்லுங்கள். சிமென்ட் தளத்தில் பட்டுத் தெறிக்கும் வெயில், தார்ப்பாய்க்குக் கீழே வலை பின்னுகிறவரின் முகத்தைக் கீழிருந்து மேலாகத் தொடும். எந்த ஸ்டூடியோ விளக்கும் அவ்வளவு மென்மையாக எரியாது.

முகம் என்றதும், இந்த ஓராண்டுத் திட்டத்தில் எனக்கு மிக முக்கியமான பகுதிக்கு வந்துவிட்டேன். நம் மக்களின் நிறத்தை உள்ளபடி படத்தில் கொண்டுவர வேண்டும். இதை ஒரு தொழில்நுட்பச் சிக்கலாகவும் பார்க்கிறேன், ஒரு நீதிப் பிரச்சினையாகவும் பார்க்கிறேன். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக நினைத்துக்கொள்ளும். அதை அப்படியே நம்பினால், ஒரு கறுத்த முகம் சட்டகத்தை நிறைக்கும்போது படம் வெளிறிவிடும். அதே முகம் வெள்ளைச் சுவருக்கு முன் நின்றால் விவரம் எல்லாம் அழிந்து இருண்டுவிடும். இது ஒளிமானியின் கோளாறு. இதற்கு மேல் மனிதரின் கோளாறு இருக்கிறது. கோடக் நிறுவனம் பல பத்தாண்டுகள் ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி அட்டை'யில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகம் சரியாக வந்தால் அச்சு சரி என்று உலகெங்கும் வண்ணம் திருத்தினார்கள். நம் வீட்டுப் பழைய ஆல்பங்களில் பாட்டிகளின் முகம் அந்த முறைக்கு உட்பட்டு அச்சானதுதான். இன்று கைபேசி, கேட்காமலேயே தோலை வெளுத்து வழவழப்பாக்கித் தருகிறது. கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணை இரண்டு படி வெளுக்கச் சொல்லி வீட்டார் கேட்கிறார்கள்; எடுப்பவரும் செய்து கொடுக்கிறார். பிறந்த நிறத்தோடு ஒரு பெண் தன் கல்யாணப் படத்தில் இருக்க முடியாதது எனக்குப் பெரிய துயரமாகப் படுகிறது. தொழிலுக்காக எடுப்பவர் வாடிக்கையாளரின் பேச்சைக் கேட்டாக வேண்டியிருக்கலாம். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வது?

கறுத்த தோலின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது. வெளிறிய தோலில் நிழல்தான் வடிவத்தைச் சொல்லும். கறுத்த தோலில் ஒளிப் பொட்டுகள் வடிவத்தைச் சொல்லும். கன்ன எலும்பின் மேலும் தோளின் மேலும் வெளிச்சம் எங்கே மின்னுகிறது என்று பார்த்து, அந்த மின்னல் வெளுத்துப் போகாதபடி அளவு வைத்தால் போதும், மற்றவை தாமே அமையும். நேர் எதிரே அடிக்கும் சிறிய ஃபிளாஷ் இதற்குப் பகை. பக்கத்திலிருந்து வரும் அகலமான வெளிச்சம், ஒரு வாசல், ஒரு வெள்ளை வேட்டி, ஈரமான தரை, இவை நண்பர்கள். காசிமேட்டில் உழைக்கும் முகங்களை எடுத்து, அச்சிட்டு, அந்த அச்சை அவரவர் கைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். கையின் நிறமும் படத்தின் நிறமும் ஒத்துப்போகும்வரை திரும்ப அச்சிடுவேன். கணினித் திரையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அச்சைப் பற்றிப் பேசும்போது அங்கே மீன் விற்கும் ஓர் ஆயா சொன்னது நினைவுக்கு வருகிறது. "தம்பி, வாரா வாரம் யாராச்சும் வந்து எடுத்துக்கினுதான் போறாங்க. எடுத்த படத்த ஒருத்தராவது கொண்டாந்து காட்டினாங்களா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கூடையை அடுக்கிக்கொண்டே சொன்னார். அடுத்த ஆண்டு நான் எடுக்கும் ஒவ்வொரு முகமும் அச்சாகி அவர்கள் கையில் சேர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். ஆறுக்கு எட்டு அங்குல அச்சுக்கு ஆகும் செலவு நம் தேநீர்ச் செலவுக்குள் அடங்கிவிடும். படம் கொண்டுபோய்க் கொடுப்பதால் இன்னொன்றும் நடக்கிறது: அடுத்த முறை நீங்கள் போகும்போது அவர்கள் கேமராவைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களோடு பேசத் தொடங்குகிறார்கள். படம் அங்கேதான் தொடங்குகிறது.

போட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், இங்கே பலருக்கு மனம் வருந்தினாலும். ஃபியாப் என்னும் சர்வதேச ஒளிப்படக் கூட்டமைப்பின் பட்டங்களுக்காக, போட்டிகளில் படம் ஏற்கப்பட்ட கணக்கை, அதாவது அக்செப்டன்ஸை, சேர்க்கும் ஓட்டத்தில், காசு கொடுத்து மீனவரை வலை வீசச் சொல்லி, புகை போட்டு விடியலைச் செய்து எடுக்கிறார்கள். ஐம்பது பேர் ஒரே வரிசையில் நின்று ஒரே படத்தை எடுக்கிறார்கள். அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்பதில்லை. தொழில்நுட்பத்தில் அந்தப் படங்கள் குறையற்றவை. ஆனால் நம் காலத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. போட்டிக்கு அனுப்புங்கள், நானும் அனுப்புவேன். நாடகம் ஆடி எடுத்த படம் மட்டும் வேண்டாம்.

காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் குறிப்பு வேண்டும். கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் என்ற படை அதிகாரி, மதராஸ் அரசின் ஒளிப்படக்காரராக 1858இல் மதுரை, தஞ்சாவூர்ப் பகுதிகளில் எடுத்த படங்கள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை, 21 படங்களை இணைத்து 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரே காட்சியாக்கினார். திருமலை நாயக்கர் மகால் சீரமைக்கப்படுவதற்கு முன் எப்படி இருந்தது என்பதற்கு அவர் படங்கள் சான்று. எந்த ஆண்டு, எந்த இடம் என்று எழுதி வைத்ததால்தான் அவை சான்றாகின்றன. நாம் எடுத்த பல ஆயிரம் படங்களில் எத்தனைக்கு இடமும் நாளும் ஆளின் பெயரும் எழுதியிருக்கிறோம்? படகின் பெயர், வலையின் வகை, மீனின் பெயர், எடுத்த நாள், எடுக்கப்பட்டவர் சம்மதித்தால் அவர் பெயர், இவ்வளவும் அச்சின் பின்புறத்தில் பென்சிலால் எழுதப் போகிறேன்.

கடைசியாகத் தேர்வு. விவியன் மேயர் என்ற அம்மையார் சிகாகோவில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். ஏறக்குறைய யாருக்கும் காட்டவில்லை. நூற்றுக்கணக்கான சுருள்களைக் கழுவக்கூட இல்லை. 2007இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்த பிறகே உலகம் அவரை அறிந்தது. 2009இல் அவர் இறந்தார். பெரும் கலைஞர்தான். ஆனால் எதை வைப்பது, எதை விடுவது என்ற தேர்வை அவருக்காகப் பிறர் செய்ய வேண்டியதாயிற்று. நம் தேர்வை நாமே செய்ய வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நாளுக்கொரு படம் என்று 365 படம் எடுக்கும் சவாலை நண்பர்கள் சிலர் மேற்கொள்கிறார்கள். கை பழகுவதற்கு அது உதவும். ஆனால் இரவு பதினொரு மணிக்குக் காப்பிக் கோப்பையை எடுத்துக் கணக்கை நிரப்பும் நிலைக்கு அது கொண்டுவிடுவதையும் பார்க்கிறேன். என் கணக்கு வேறு: எத்தனை எடுத்தாலும், ஆண்டு முடிவில் இருபத்து நான்கு அச்சுகள் மட்டும். ஒரு பெட்டியில் அடங்க வேண்டும். முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை பார்த்து முடிக்கும் ஒருவருக்கு, காசிமேட்டில் ஓர் ஆண்டு எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டும். அப்படி இரண்டு பெட்டிகள்: ஒன்று எனக்கு, ஒன்று துறைமுகத்து மக்களுக்கு.

இதற்காக நான் எதையும் வாங்கப் போவதில்லை. கையில் உள்ள கேமரா, 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று. தூரத்திலிருந்து சுரண்டி எடுக்கும் லென்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும். கிட்டே போய், பேசி, சம்மதம் வாங்கி எடுக்கும் கட்டாயத்தை இந்த லென்ஸ் தரும்.

நண்பர்களே, உங்கள் எல்லோரையும் காசிமேட்டுக்கு அழைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு செங்கல் சூளை இருக்கலாம், ஒரு பூச்சந்தை இருக்கலாம், ஓர் ஏரிக்கரை இருக்கலாம், ஒரு பேருந்துப் பணிமனை இருக்கலாம். கால்நடையாகவோ ஒரு பேருந்திலோ போய்வரும் தூரத்தில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பொங்கலுக்குள் தேர்ந்துகொள்ளுங்கள். அந்த இடத்தில் வேலை செய்யும் ஒருவரிடம், கேமராவை எடுப்பதற்கு முன், "இங்கே எந்த மாதத்தில் என்ன நடக்கும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த டிசம்பரில் இதே மண்டபத்தில் திரையைக் கட்டாமல், நீண்ட மேசைகளைப் போட்டு, ஆளுக்கொரு பெட்டி அச்சோடு உட்காருவோம். படங்களில் இருப்பவர்களையும் அன்று கட்டாயம் அழைத்து வாருங்கள்.